பழைய கம்ப்யூட்டர், லினக்ஸ், ஓடாத வீடியோ: தப்பு உங்க மேல இல்ல (நீண்ட இழை)

1/
"லினக்ஸ் போட்டுப் பாத்தேன் டாக்டர். வீடியோ திக்கித் திக்கி ஓடுது. திரும்ப விண்டோஸே போட்டுட்டேன்."

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட நிறுத்தினதுல இருந்து, நண்பர்கள், கூட வேலை பாக்குறவங்கன்னு பலபேர்கிட்ட இதைக் கேட்டுட்டேன். அதனாலதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
நான் சொல்ல வர்றது இதுதான். உங்க கம்ப்யூட்டர் கெட்டுப்போகல. உங்களுக்கு அறிவு பத்தாம இல்ல. லினக்ஸும் மோசம் இல்ல. பிரச்சனை ரெண்டே இடத்துலதான்: ஒண்ணு கிராஃபிக்ஸ் டிரைவர், இன்னொண்ணு கோடெக். ரெண்டையும் பெரும்பாலும் அரைமணி நேரத்துல சரி பண்ணலாம்.

ஆனா அந்த அரைமணி நேர வேலை ஏன் உங்க தலையில விழுது? அதுக்குப் பின்னாடி இருக்குறது தொழில்நுட்பம் இல்ல. காப்புரிமையும் கம்பெனிகளோட ரகசியமும். அதையும் சேர்த்தே பேசுவோம்.

3/
டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேக்கலாம். அரசு மருத்துவமனையில வேலை பாக்குறவனுக்குப் பழைய கம்ப்யூட்டரோடதான் குடித்தனம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேணும், இன்டெல்னா ஏறக்குறைய 8-ஆம் தலைமுறை பிராசஸர் வேணும். அதாவது 2017-க்கு முன்னாடி வாங்கினது பெரும்பாலும் அவுட்.

4-ஆம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. இது இருந்தா லினக்ஸ் மின்ட் தாராளமா ஓடும். பிரவுசர், டைப்பிங், பிடிஎஃப், யூடியூப்ல நீட் பாடம். ஒரு பிளஸ் டூ பிள்ளைக்கு இதுக்கு மேல என்ன வேணும்? அந்த மெஷின் வீடியோ ஓடலைன்ற ஒரே காரணத்துக்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போகக் கூடாது.

4/
முதல்ல நோய் என்னன்னு கண்டுபிடிப்போம். மருந்து அப்புறம்.

• ஜன்னலை இழுத்தாலே இழுபறி, எல்லாமே மந்தம், ஃபேன் கத்துது → கிராஃபிக்ஸ் டிரைவர் வேலை செய்யல.
• மத்த எல்லாம் நல்லா இருக்கு, யூடியூப் மட்டும் திணறுது → வீடியோவைப் பிரிக்குற வேலை கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போகல.
• ஒரு ஃபைல் மட்டும் திறக்கல, இல்லைன்னா சத்தம் வருது படம் வரல → கோடெக் இல்ல.
• இன்ஸ்டால் பண்ணும்போதே கறுப்புத் திரை → பெரும்பாலும் என்விடியா.

நாலும் வேற வேற. ஒண்ணுக்குச் சொன்ன வைத்தியத்தை இன்னொண்ணுக்குப் பண்ணாதீங்க.

5/
முதல் டெஸ்ட் இலவசம். செட்டிங்ஸ்ல "அபவுட்" (மின்ட்ல "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்") திறங்க. கிராஃபிக்ஸ்னு ஒரு வரி இருக்கும். அதுல இன்டெல், ரேடியான், ஜீஃபோர்ஸ்னு இருந்தா நல்லது. "எல்எல்விஎம்பைப்"னு இருந்தா டிரைவர் வேலை செய்யலைன்னு அர்த்தம். படம் வரையுற வேலையையும் பிராசஸரே இழுத்துக்கிட்டு இருக்கு.

ரேடியாலஜிஸ்ட் வரல, ஸ்கேனையும் ஓபி பாக்குற டாக்டரே பாக்குறார்னு வெச்சுக்கோங்க. ஓபி வரிசை எவ்வளவு நீளும்? அதேதான்.

6/
இன்டெல் கிராஃபிக்ஸ்: நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்.

டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே இருக்கு. அதுக்கு மேல படம் வரையுற பகுதி "மீசா"ன்ற மென்பொருள். 1993-ல பிரையன் பால் தனியாளா ஆரம்பிச்சது. இன்னைக்கு இன்டெல், ஏஎம்டி எல்லாருமே அதுல எழுதுறாங்க. சிஸ்டத்தை அப்டேட் பண்ணா டிரைவரும் சேர்ந்தே அப்டேட் ஆகும். விண்டோஸ் பழக்கத்துல கூகுள்ல "இன்டெல் டிரைவர் டவுன்லோட்"னு தேடாதீங்க. கண்ட கண்ட இணையதளத்துக்குத்தான் போய்ச் சேருவீங்க.

7/
ஏஎம்டி ரேடியான்: இதுக்கும் ஒண்ணும் பண்ண வேண்டாம்.

2007-ல ஏஎம்டி தன்னோட கிராஃபிக்ஸ் சிப்புகளோட தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிட ஆரம்பிச்சது. 2015-ல "ஏஎம்டிஜிபியூ"ன்ற புது திறந்த டிரைவர் கெர்னல் 4.2-ல சேந்துச்சு. அதுக்கு முந்தின பழைய சிப்புகளுக்கு "ரேடியான்"னு ஒரு டிரைவர், அதுவும் உள்ளேயே இருக்கு. கம்பெனி தளத்துல "ப்ரோ"ன்னு ஒரு டிரைவர் கிடைக்கும். வீட்டு உபயோகத்துக்கு அது தேவையில்ல.

ஒரு கம்பெனி மனசு வெச்சா என்ன நடக்கும்னு காட்டுறதுக்காகவே இந்த ரெண்டையும் முதல்ல சொன்னேன்.

8/
இப்ப என்விடியா.

என்விடியா ஆவணம் தரல. தன்னார்வலர்கள் சிப்போட நடத்தையைப் பாத்துப் பாத்து "நூவோ"ன்னு ஒரு டிரைவர் எழுதினாங்க. 2014-ல வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையில இருந்து, கம்பெனி கையெழுத்துப் போட்ட ஃபர்ம்வேர் இல்லாம சிப்போட வேகத்தை ஏத்த முடியாதபடி பூட்டிட்டாங்க. அதனால அந்தக் கார்டுகள் நூவோல ஆமை வேகத்துலதான் ஓடும். நீங்க பணம் குடுத்து வாங்கின கார்டு. சாவி மட்டும் அவங்ககிட்ட.

2012-ல ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்துல லினஸ் டோர்வால்ட்ஸ் கேமரா முன்னாடியே என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டினார். அந்தக் கோவத்துக்கு இதுமாதிரி நடத்தைதான் காரணம்.

9/
2022 மே மாசம் என்விடியா தன் கெர்னல் பகுதியைத் திறந்து விட்டுச்சு. நல்ல விஷயம். ஆனா ட்யூரிங் தலைமுறைக்கு, அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் அதுக்கு அப்புறம் வந்ததுக்கும்தான். மேல்பகுதி இன்னும் மூடியேதான் இருக்கு. பழைய கார்டு வெச்சிருக்கவங்களுக்கு இதனால பலன் இல்ல. பழைய கம்ப்யூட்டரைக் காப்பாத்த நினைக்குற நம்ம கையில இருக்கறதோ பழைய கார்டுதான்.

10/
என்விடியா டிரைவர் போடுறது எப்படி?

மின்ட்ல "டிரைவர் மேனேஜர்". உபுண்டுல "அடிஷனல் டிரைவர்ஸ்". திறந்தா ஒரு பட்டியல் வரும். "ரெக்கமண்டட்"னு போட்டிருக்கறதைத் தேர்ந்தெடுங்க, அப்ளை, ரீஸ்டார்ட். அவ்வளவுதான். ஒரு கமாண்டும் வேண்டாம்.

என்விடியா தளத்துல இருந்து நேரா டவுன்லோட் பண்ணிப் போடாதீங்க. அன்னைக்கு ஓடும். அடுத்த கெர்னல் அப்டேட் வரும்போது திரை கறுப்பாயிடும். லினக்ஸ் தொகுப்பு தர்ற டிரைவர், கெர்னல் மாறும்போது தானும் கூடவே மாறிக்கும்.

11/
பலபேர் தடுக்கி விழுற இடம்: செக்யூர் பூட்.

டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேக்கும். ரீஸ்டார்ட் பண்ணா நீலத் திரை வரும். பயந்து போய் "கன்டினியூ பூட்" அமுக்கிடுவாங்க. டிரைவர் டிஸ்க்ல இருக்கும், ஆனா லோடு ஆகாது. "எல்லாம் பண்ணேன், ஒண்ணும் மாறல"ன்னு சொல்றவங்கள்ல நிறையபேர் இந்த வகை.

அந்த நீலத் திரையில "என்ரோல் எம்ஓகே" தேர்ந்தெடுங்க. கொஞ்சம் முன்னாடி நீங்களே வெச்ச பாஸ்வேர்டைக் குடுங்க. முடிஞ்சது. அது வைரஸ் இல்ல, இந்த டிரைவரை நம்பலாமான்னு உங்ககிட்ட அனுமதி கேக்குது. கிட்டத்தட்ட கன்சென்ட் ஃபார்ம்.

12/
ரொம்பப் பழைய என்விடியாவா? ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசையோட 470 டிரைவருக்கும், அதுக்கும் முந்தின 400, 500 வரிசையோட 390 டிரைவருக்கும் கம்பெனி ஆதரவு முடிஞ்சுபோச்சு. இதுல மல்லுக்கட்டாதீங்க. டெஸ்க்டாப்னா அந்தக் கார்டைக் கழட்டிட்டு, பிராசஸரோட வர்ற இன்டெல் கிராஃபிக்ஸ்ல மானிட்டரைச் செருகுங்க. வீடியோ பாக்க அது போதும்.

லேப்டாப்ல இன்டெல்லும் என்விடியாவும் சேர்ந்து இருந்தா, இன்டெல்லை மட்டும் பயன்படுத்துற மாதிரி மாத்திக்கலாம். பேட்டரியும் கூடுதல் நேரம் நிக்கும்.

13/
இன்ஸ்டால் பண்ணும்போதே கறுப்புத் திரைன்னா: பென்டிரைவ்ல இருந்து பூட் ஆகுற முதல் மெனுவிலேயே வழி இருக்கு. உபுண்டுல "சேஃப் கிராஃபிக்ஸ்", மின்ட்ல "காம்பாட்டிபிலிட்டி மோட்". அதுல போய் இன்ஸ்டால் பண்ணிட்டு, அப்புறம் டிரைவர் போடுங்க.

டிரைவர்ல கை வைக்குறதுக்கு முன்னாடி மின்ட்ல "டைம்ஷிஃப்ட்" திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துடுங்க. எது சொதப்பினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தம் ஏற்பாடு பண்ணி வெக்குற மாதிரி. பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்படுற அன்னைக்கு அதோட அருமை தெரியும்.

14/
இனி கோடெக்.

"எம்பி4 ஓடல"ன்னு சொல்றாங்க. எம்பி4-ன்றது மாத்திரை அட்டை மாதிரி, வெறும் உறை. உள்ள இருக்கற மருந்து எச்.264-ஆ, எச்.265-ஆ, ஏவி1-ஆன்றதுதான் கேள்வி. ஒரே மாதிரி அட்டையில வேற வேற மருந்து இருக்கும். அதனாலதான் ஒரு எம்பி4 ஓடுது, இன்னொண்ணு ஓடமாட்டேங்குது. 2017-ல ஐஓஎஸ் 11 வந்ததுல இருந்து ஐஃபோன் எடுக்குற வீடியோ பலதும் எச்.265. கல்யாண வீட்டு வீடியோ லினக்ஸ்ல திறக்கலைன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

15/
ஓட வெக்கத் தெரியாம இல்ல. எச்.264-ம் எச்.265-ம் காப்புரிமை உள்ள நுட்பங்கள். எம்பி3-க்கும் ஒருகாலத்துல இதே கதை. 2017-ல அதோட உரிமம் வழங்கும் திட்டம் முடிஞ்சதும் எல்லா லினக்ஸும் அதைத் தயக்கமில்லாம சேத்துக்கிட்டாங்க.

2022-ல ஃபெடோரா, மீசால இருந்து எச்.264, எச்.265 வன்பொருள் டிகோடிங்கை எடுத்துடுச்சு. ஃபெடோராவுக்குப் பின்னாடி இருக்கறது ரெட் ஹேட்ன்ற அமெரிக்க நிறுவனம். அந்த ஊர் சட்டத்துக்குப் பயந்து அவங்க எடுத்த முடிவு, நம்ம ஊர்ல ஒரு பிள்ளையோட லேப்டாப்பைச் சூடாக்குது.

16/
டாக்டர்களுக்கு இந்த மாதிரி கதை புதுசில்ல. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தோட பிரிவு 3(டி)-யை வெச்சுத்தான் 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸோட கிளீவெக் மருந்து காப்புரிமை வழக்குல கம்பெனியோட கோரிக்கையை நிராகரிச்சது. ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு விலை குறைஞ்ச இமாடினிப் தொடர்ந்து கிடைக்குறதுக்கு அந்தத் தீர்ப்பு முக்கியம்.

அதே பிரிவு 3-ல (கே)ன்னு ஒரு உட்பிரிவு இருக்கு. கணினி நிரலுக்கும் அல்காரிதத்துக்கும், அந்த அளவில மட்டும், காப்புரிமை இல்லைன்னு அது சொல்லுது. அதுக்காக எல்லா கோடெக்கும் இங்க இலவசம்னு அர்த்தமில்ல. கம்பெனிகள் இங்கேயும் வழக்குப் போடுறாங்க. ஆனா அறிவுக்கு எதுவரைக்கும் வேலி போடலாம்னு நம்ம நாடு தனியா யோசிச்சிருக்குன்றதை மறந்துடக் கூடாது.

17/
சரி, செய்முறை.

• மின்ட்: இன்ஸ்டால் பண்ணும்போது "மல்டிமீடியா கோடெக்ஸ்" பெட்டியை டிக் பண்ணுங்க. விட்டுட்டீங்களா? மெனுவுல "இன்ஸ்டால் மல்டிமீடியா கோடெக்ஸ்" இருக்கும்.
• உபுண்டு: இன்ஸ்டால்ல "தேர்ட் பார்ட்டி", "மீடியா ஃபார்மட்ஸ்" ரெண்டையும் டிக் பண்ணுங்க.
• ஃபெடோரா: "ஆர்பிஎம் ஃப்யூஷன்" களஞ்சியத்தைச் சேருங்க. அப்புறம் முழு எஃப்எஃப்எம்பெக், "ஃப்ரீவேர்ல்டு" மீசா ரெண்டையும் மாத்திப் போடணும்.
• எதுலயும் குழப்பம்னா: ஃபிளாட்ஹப்ல இருந்து விஎல்சி. தனக்கு வேண்டிய டிகோடர்களைத் தன்னோடயே கொண்டு வந்துடும்.

புதுசா வர்றவங்களுக்கு என் சீட்டுல நான் எழுதுறது மின்ட்தான்.

18/
விஎல்சி பத்தி ஒரு வரி. 1996-ல பாரிஸ்ல எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்களோட புராஜெக்டா ஆரம்பிச்சது. இன்னைக்கு வரைக்கும் விளம்பரம் இல்ல, விலை இல்ல. 2022-ல அதோட இணையதளத்தையே இந்தியாவுல முடக்கி வெச்சிருந்தாங்க. அதே வருஷம் நவம்பர்ல தடை நீங்குச்சு.

19/
யூடியூப் மட்டும் திணறுதா? வீடியோ மேல ரைட் கிளிக், "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்". கோடெக் வரியைப் பாருங்க.

ஏவிசி1 = எச்.264. விபி09 = விபி9. ஏவி01 = ஏவி1.

இன்டெல்ல 4, 5-ஆம் தலைமுறைக்கு எச்.264 நல்லா வரும். விபி9 முழுசா வர்றது 7-ல இருந்து. ஏவி1 11-ல இருந்து. யூடியூப் உங்க மெஷினோட வயசைப் பாத்து அனுப்புறதில்ல. விபி9, ஏவி1 அனுப்பும். பழைய பிராசஸர் மூச்சு வாங்கும்.

மருந்து: "எச்264ஐஃபை"ன்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷன். யூடியூபை எச்.264 மட்டும் அனுப்ப வெக்கும். 1080பி வரைக்கும்தான் கிடைக்கும். பழைய லேப்டாப் திரைக்கு அது தாராளம்.

20/
ஃபயர்ஃபாக்ஸை அப்டேட்டா வெச்சுக்கோங்க. 2023 ஜூலையில வந்த 115-ஆம் பதிப்புல இருந்துதான் லினக்ஸ்ல இன்டெல் கிராஃபிக்ஸுக்கு வன்பொருள் டிகோடிங் தானாவே இயங்குது. அதுக்கு முன்னாடி "லினக்ஸ்ல யூடியூப் பாத்தா லேப்டாப் சூடாகுது"ன்னு சொன்னவங்க பொய் சொல்லல. பழைய அனுபவத்தை வெச்சு இன்னைக்கும் அதையே சொன்னாதான் தப்பு.

21/
எது சரியாகாது? அதையும் சொல்லிடணும்.

ஓடிடி தளங்கள் "வைட்வைன்"னு ஒரு பூட்டு வெச்சிருக்கு. லினக்ஸ் டெஸ்க்டாப்ல அதோட கீழ்மட்டப் பாதுகாப்புதான் கிடைக்கும். அதனால சில தளங்கள் நீங்க கட்டின முழுப் பணத்துக்கும் மங்கலான படத்தைத்தான் தரும். இதை எந்த டிரைவராலயும் சரி பண்ண முடியாது. படம்தான் முக்கியம்னா டிவியில பாத்துக்கோங்க.

அப்புறம் ஸ்கேன் சிடி. ஆஞ்சியோகிராம் சிடி விஎல்சியில ஓடாது. அது டைகாம் வடிவம். கூட வர்ற வ்யூவர் பெரும்பாலும் விண்டோஸுக்கானது. லினக்ஸ்ல "வீசிஸ்"னு ஒரு இலவச வ்யூவர் இருக்கு, ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில பிறந்தது. நம்ம சிடியை நாமே வீட்டுல திறந்து பாக்கலாம். ஆனா அதைப் பாத்துட்டு கூகுள்ல தேடிப் பயந்துக்காதீங்க.

22/
லினக்ஸ் நண்பர்களே, உங்களுக்கும் ரெண்டு வார்த்தை.

ஒண்ணு: "அதெல்லாம் போட்டதும் தானா ஓடும்"னு சொல்லாதீங்க. ஓடலைன்னா அவங்க தன்னைத்தான் நொந்துக்குறாங்க. "இந்த ரெண்டு இடத்துல சிக்கல் வரலாம், வந்தா கூப்பிடுங்க"ன்னு சொல்லுங்க.

ரெண்டு: சந்தேகம் கேட்டா "சூடோ"ன்னு ஆரம்பிக்குற பத்து வரியை ஒட்டிட்டுப் போகாதீங்க. அது பக்கத்து வீட்டுக்காரரோட மாத்திரைச் சீட்டை எடுத்து நீட்டுற மாதிரி. என்ன கார்டு, என்ன தொகுப்புன்னு கேக்காம மருந்து எழுதக் கூடாது.

23/
இப்ப முக்கியமான இடம். இது தனிமனுசன் அரைமணி நேரத்துல தீர்த்துக்குற பிரச்சனையா மட்டும் இருக்கக் கூடாது.

2011-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் திட்டத்துல விண்டோஸோட "பாஸ்" லினக்ஸும் சேர்ந்தே வந்துச்சு. சென்னை சி-டாக்ல உருவானது. அந்த லேப்டாப் வாங்கின எத்தனை பேர் அதைத் திறந்து பாத்தீங்க? எனக்குத் தெரிஞ்சவங்கள்ல விரல்விட்டு எண்ணிடலாம். லினக்ஸைக் குடுக்குறது ஒரு வேலை. அதுல பாட்டும் படமும் ஓடுதான்னு பாத்துக் குடுக்குறது இன்னொரு வேலை. ரெண்டாவதைச் செய்யலைன்னா முதலாவதுக்கு மதிப்பில்ல.

24/
பக்கத்துல கேரளாவைப் பாருங்க. அங்க "கைட்"ன்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்காகவே உபுண்டு அடிப்படையில ஒரு லினக்ஸ் தொகுப்பைத் தயாரிக்குது. பாடத்துக்கு வேண்டிய மென்பொருளை முன்கூட்டியே சேர்த்துக் குடுக்குறாங்க, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தர்றாங்க. டிரைவர், கோடெக்னு ஒவ்வொரு டீச்சரும் தனித்தனியா அல்லாட வேண்டியதில்ல. ஒரு இடத்துல ஒரு குழு பாடுபட்டா, ஆயிரக்கணக்கான வகுப்பறைக்கு அது மிச்சம்.

25/
என் கோரிக்கை சின்னது. அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை, எந்த அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் டெண்டர்ல மூணு வரி சேருங்க:

• கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவர்கள் லினக்ஸ் கெர்னல்லயே இருக்கணும்.
• மூடின டிரைவர் இல்லாம டெஸ்க்டாப்பும் வீடியோவும் ஓடணும்.
• வாங்குறதுக்கு முன்னாடி அதை ஓட்டிக் காட்டணும்.

இதுக்குப் பெருசா செலவு ஆகாது. விண்டோஸே போட்டுக் குடுங்க, பரவாயில்ல. ஆனா பத்து வருஷம் கழிச்சு ஒரு கம்பெனி "இனி ஆதரவு இல்ல"ன்னு சொல்ற அன்னைக்கு, மக்கள் பணத்துல வாங்கின மெஷின் குப்பைக்குப் போகாம இருக்க ஒரு கதவு திறந்தே இருக்கும்.

26/
வீட்டுக்குப் பழைய லேப்டாப் வாங்குறவங்களுக்கும் அதேதான். தனி என்விடியா கார்டு இருந்தா உசத்தின்னு கடைக்காரர் சொல்லுவார். படிக்க, பாக்க, எழுத மட்டும்னா இன்டெல் அல்லது ஏஎம்டி மட்டும் இருக்கறதை வாங்குங்க. 7-ஆம் தலைமுறைக்கு மேல கிடைச்சா இன்னும் நல்லது, விபி9 வரும்.

27/
சுருக்கமா:

• பென்டிரைவ்ல மின்ட் போட்டு, இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பாருங்க.
• கிராஃபிக்ஸ் வரியைப் பாருங்க. எல்எல்விஎம்பைப் இருக்கக் கூடாது.
• ஒரு யூடியூப் வீடியோவை முழுத்திரையில ஓட்டுங்க.
• முக்கியமான ஃபைல்களுக்கு பேக்கப் எடுத்துட்டு மட்டும் இன்ஸ்டால் பண்ணுங்க.
• என்விடியா இருந்தா டிரைவர் மேனேஜர், நீலத் திரையில என்ரோல்.
• கோடெக் பெட்டியை டிக் பண்ண மறக்காதீங்க.

வேலைக்கு விண்டோஸ்ல மட்டுமே ஓடுற மென்பொருள் கட்டாயம்னா, இது உங்களுக்கு இல்ல. அதுல தப்பும் இல்ல.

28/
சிக்கல் இருந்தா கீழ கேளுங்க. "ஓடல"ன்னு மட்டும் எழுதாம, மூணு விஷயம் சொல்லுங்க: மெஷின் மாடல், எந்த லினக்ஸ், அந்த கிராஃபிக்ஸ் வரியில என்ன எழுதியிருக்கு. டியூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன். எனக்கு முன்னாடி தெரிஞ்சவங்க பாத்தா நீங்களே சொல்லிடுங்க.

மூலையில ஒரு பழைய லேப்டாப் தூசி படிஞ்சு கிடந்தா, இந்த ஞாயித்துக்கிழமை எடுத்துத் துடைங்க. (முற்றும்)